கழுவாத பரணி

என் மகள் தெக்லா மிக்கேலின் தொடையைக் கடித்துக்கொண்டிருந்த காலையில்தான் கப்பல் வந்தது.

பதற வேண்டாம். மிக்கேல் மாமா நலமாகத்தான் இருக்கிறார். அந்த நேரத்தில் ஏரிக்கரையில் உட்கார்ந்து யாரையோ வைதுகொண்டிருந்தார். தெக்லா கடித்தது அவர் பெயரைச் சுமக்கும் ஆறுகால் பிராணியின் தொடையை. முயலைவிடக் கொஞ்சம் பெரிது என்று அக்கா சொல்வாள். நான் முயலைப் பார்த்ததில்லை. இந்தக் கோளில் பிறந்தவள் நான்.

கோளுக்கு நீளமான எண் ஒன்று உண்டு. அதை எங்களில் யாரும் மனப்பாடம் செய்யவில்லை. ஊருக்கு உப்போடை என்று பெயர். தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து நாற்பத்தொரு பேரை ஒரு கம்பெனி உறக்கப் பெட்டிகளில் படுக்கவைத்து, பதினொரு வருடம் தூங்கச் செய்து இங்கே கொண்டுவந்து இறக்கியது. இங்குள்ள ஏரி உப்பு அங்கே எதற்கோ தேவைப்பட்டது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை உணவுக் கப்பல் வரும் என்றார்கள். முதல் கப்பல் வந்தது. அதற்குப் பிறகு கம்பெனி திவாலாகிவிட்டதா, எங்களை மறந்துவிட்டதா, தெரியாது. இருபத்திரண்டு வருடம் ஒரு கப்பலும் வரவில்லை.

பசி வந்தபோது எங்கள் ஆட்கள் சுற்றியிருந்ததைப் பார்த்தார்கள். ஓடுவது, ஊர்வது, முளைப்பது எல்லாம் இருந்தது. எதைத் தின்னலாம், எது ஆளைக் கொல்லும் என்று சொல்ல ஆள் இல்லை. ஆகவே ஒரு முறை வகுத்தார்கள். புதிதாக ஒன்று கிடைத்தால் முறை வைத்து ஒருவர் ருசி பார்க்க வேண்டும். முதலில் மணிக்கட்டில் தேய்த்துப் பார்ப்பது. பிறகு உதட்டில். பிறகு நகமளவு துண்டை நாக்கின் அடியில் வைப்பது. அதை விழுங்கிவிட்டு ஒரு முழு நாள் காத்திருப்பது. ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்து முறை வரக்கூடாது. ஒரு வீட்டில் இரண்டு விளக்கு அணையக்கூடாது என்பதற்காக. ருசி பார்த்தவர் பிழைத்தால் அந்த உணவுக்கு அவர் பெயர். பிழைக்காவிட்டாலும் அவர் பெயர்தான்.

இப்படி எங்களிடம் அறுபத்து மூன்று பெயர்கள் உண்டு. லூர்து ஒரு புளிப்புக் கீரை. செய்யது தரைக்கடியில் விளையும் கிழங்கு. தொம்மை என்பது ஊதா நிறத்தில் பளபளவென்று தொங்கும் ஒரு பழம். அதை யாரும் தொடுவதில்லை. தொம்மை அண்ணனை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்தச் செடியைக் கடக்கும்போது பிள்ளைகள் எல்லாம் "வாறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். நானும் சொல்லித்தான் வளர்ந்தேன்.

என் பெயர் பிரகாசி. என் பெயரில் இருப்பது ஏரிச் சேற்றில் ஊரும் ஒரு வழுவழுப்பான புழு. மூன்று மாதம் உப்பில் கிடந்தால் சுமாராக இருக்கும். இதை வைத்து என்னைக் கேலி செய்யாத ஆளே ஊரில் இல்லை. என்னைக் கல்யாணம் செய்துகொண்ட சுடலைமுத்துவும் விதிவிலக்கு இல்லை.

நாங்கள் பட்டினியில் வளர்ந்தோம் என்று நினைத்துவிடாதீர்கள். எங்களைப் போலத் தின்று வளர்ந்தவர்கள் யாரும் இருக்க முடியாது. ஒன்பது வயதில் கையில் கண்ணிக்கயிறு கொடுப்பார்கள். விடிந்ததும் மூடுபனியோடு ஓடினால் லூர்து நனைந்து மடியில் கொத்துக் கொத்தாக விழும். மிக்கேல்கள் கூட்டமாகத் துள்ளும் பருவத்தில் ஊரே தடியும் கயிறுமாகக் கிளம்பும். யார் முதலில் பிடிக்கிறாரோ அவருக்கு முன்னங்கால் இரண்டு. மழைக்கு முன்னால் கூரையெல்லாம் செய்யது வற்றல் காயும். பாதி காய்ந்த வற்றலைத் திருடித் தின்பதற்கென்றே கூரைக்குக் காவல் போவோம். மீதமுள்ள இறைச்சி உப்புக்கண்டமாகும். கீரையும் கிழங்கும் ஏரிக்கரைக் களிமண்ணில் சுட்ட பரணி ஜாடிகளில் உப்புத் தண்ணீருக்குள் போகும்.

பரணிக் கொட்டகை என் அக்கா கித்தேரியின் ராஜ்ஜியம். நாற்பத்தாறு பரணிகள். அம்மா இறந்த பிறகு அவள் பொறுப்பு. ஊறப்போட்ட ஒரு மாதத்தில் தண்ணீர் மேல் இளஞ்சிவப்பாக ஒரு ஏடு படியும், பாலாடையைப் போல. நாங்கள் அதை ஆடை என்போம். ஆடை முழுக்கப் பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும்தான். பெரியவர்கள் விரலை நீட்டினால் அக்கா அகப்பையால் ஒன்று வைப்பாள். பரணி காலியானாலும் அதைக் கழுவக்கூடாது. அடியில் கிடக்கும் பழைய தண்ணீரோடுதான் புதியதைப் போட வேண்டும். அம்மாவின் கட்டளை அது.

அக்காவுக்கு வயது முப்பத்தேழு. பதின்மூன்று வயதில் அம்மா அப்பாவோடு இங்கே வந்தவள். பத்து வயதுக்குக் கீழே இருந்த பிள்ளைகளைக் கம்பெனி ஏற்றவில்லை, காரணமும் சொல்லவில்லை. அக்காவுக்குக் கடல் ஞாபகம் இருந்தது. எங்கள் ஏரியைக் கண்டாலே அவளுக்கு எரிச்சல். "அலை அடிக்காததெல்லாம் ஒரு தண்ணியா?" என்பாள். சாளை மீனைப் புளி ஊற்றிப் புளிமுளம் வைப்பது எப்படி என்று ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள். சொல்லி முடித்ததும் எழுந்து போய்விடுவாள்.

அந்தக் கப்பலிலிருந்து இறங்கியவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் கப்பலை ஓட்டுபவர்கள். மூன்றாவது, ஆய்வு அதிகாரி தமயந்தி. முப்பது வயதுக்குள் இருப்பாள், நன்றாகத் தமிழ் பேசினாள். கைவிடப்பட்ட குடியேற்றங்களைத் தேடிப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. அங்கே கிடைக்கும் உணவு மனிதருக்குப் போதும் என்று தெரிந்தால் அங்கேயே இருக்கலாம். போதாது என்றால் எல்லோரையும் உறக்கப் பெட்டியில் ஏற்றிப் பூமிக்குக் கொண்டுபோக வேண்டும். பூமி திரும்பும் வழி பன்னிரண்டு நாள்தான் திறந்திருக்கும். பிறகு அடுத்த வருடம் வரை கப்பல் கிளம்ப முடியாது.

"பன்னெண்டு நாளா? நீங்க ஒரு நாள் சாப்ட்டா போதும், எங்கள விட்டுப் போவ மாட்டிய" என்றார் மிக்கேல் மாமா.

ஊர் முழுக்கச் சிரித்தோம். உணவு போதுமா என்று எங்களைப் பார்த்து ஒருத்தி கேட்பது அவ்வளவு வேடிக்கையாக இருந்தது.

விருந்து என்றால் எங்கள் ஊருக்குக் கிறுக்கே பிடித்துவிடும். வாசல்களில் உப்புப் பொடியால் கோலம் போட்டார்கள். சுடலைமுத்து இருந்த ஒரே சட்டையைத் துவைத்துக் காயும்வரை வெற்று உடம்போடு ஒளிந்திருந்தான். அக்கா கொட்டகைக்குள் போனவள் அரை நாள் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால், நாற்பத்தாறு பரணியிலும் ஆடையை வழித்து எடுத்துவிட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் விருந்துக்கு எடுத்துவைத்து, பரணிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது? அம்மா கழுவக்கூடாதுன்னு சொல்லியிருக்காவல்லா?"

"படிச்ச பிள்ள வந்திருக்கு. பாசி புடிச்ச பரணியயா காட்டச் சொல்லுத? மானம் போயிரும் பிள்ள."

நியாயமாகத்தான் பட்டது. வழித்த ஆடையெல்லாம் பிள்ளைகளுக்குப் போனது. ஒரே நாளில் அவ்வளவு ஆடையை அதுவரை யாரும் தின்றதில்லை. தெக்லாவுக்குக் கன்னம், காது, தலைமுடி எல்லாம் இளஞ்சிவப்பு. அன்றைக்கு ஊரில் அழுத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

தமயந்தியை முதல் நாளே வேட்டைக்குக் கூட்டிப்போனேன். வேண்டாம் என்றாள். தன் உணவு உறைகளில் வரும் என்று ஒரு சாம்பல் நிறப் பசையைக் காட்டினாள். அதை எங்கள் நாய் இருந்தால்கூட முகர்ந்து பார்த்திருக்காது என்று மிக்கேல் மாமா சொன்னார். அவர் நாயைப் பார்த்தே இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கடைசியில் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து இழுத்துக்கொண்டு போனோம். பாறை மறைவில் மிக்கேல் கூட்டம் கிடந்தது. நான் கை காட்டினேன். அவள் கயிற்றை வீசினாள். அது சுடலைமுத்துவின் கழுத்தில் விழுந்தது. மிரண்ட மிக்கேல் ஒன்று நேராகப் பாய்ந்து அவள் மடியிலேயே உட்கார்ந்தது. பயத்தில் அவள் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அப்படியே விடாமல் ஊர்வரை தூக்கிவந்தாள்.

"முன்னங்கால் ரெண்டும் ஆபிசரம்மாவுக்குத்தான்" என்று கூட்டம் கத்தியது. அன்று சாயங்காலம் தீயில் வாட்டிய முன்னங்காலை அவள் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவள் ஊரில் எந்த உணவுக்கும் கால் கிடையாதாம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கடித்தாள். இரண்டாவது காலுக்குக் கண்ணை மூடவில்லை.

மறுநாளிலிருந்து வேலை ஆரம்பித்தது. அவளிடம் ஒரு பெட்டி இருந்தது. உணவில் ஒரு துளி உள்ளே வைத்தால் அதில் என்னென்ன உண்டு என்று அது சொல்லும். நானும் அக்காவும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தோம். வேட்டையாடியது, பறித்தது, தோண்டியது, உப்புக்கண்டம், வற்றல், கழுவிய பரணிகளில் புதிதாகப் போட்ட கீரை, கிழங்கு, என்னுடைய புழு உட்பட அறுபத்து மூன்றும் பெட்டிக்குள் போய் வந்தன. அதே நாட்களில் பிள்ளைகளை நிறுத்தி உயரம் பார்த்தாள், எலும்பைப் பார்த்தாள், ஓடச்சொன்னாள். பிள்ளைகள் அவளைப் பிடித்து ஓடவைத்தார்கள்.

ஆறாம் நாள் என்னைத் தனியாக ஏரிக்கரைக்குக் கூப்பிட்டாள். முகம் சரியில்லை.

"பிரகாசி, உங்க சாப்பாடு தேறல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"உடம்பு ஒரு வீடுன்னு வெச்சுக்கங்க. அதைக் கட்ட இருபது தினுசு கல்லு வேணும். பதினொரு தினுசை உடம்பே செஞ்சுக்கும். மீதி ஒன்பதும் சாப்பாட்டுல வந்தாகணும். இந்தக் கோள்ல விளையுற எதை எடுத்தாலும் எட்டுதான் இருக்கு. ஒன்பதாவது எதுலயுமே இல்லை. மிருகத்துல இல்லை, கிழங்குல இல்லை."

"எங்க பிள்ளையள பாத்தியள்லா? எந்தப் பிள்ளைக்கு என்ன கொறச்சல்?"

"அதான் எனக்கும் புரியல. என் கணக்குப்படி அந்தப் பிள்ளைங்க எழுந்து நிக்கவே கூடாது. அதுங்க என்னை மரத்துல ஏத்திவிட்டுச் சிரிக்குதுங்க. ஆனா பெட்டி சொல்றதைத்தான் நான் எழுத முடியும். பிள்ளைங்க நல்லா இருக்குன்னு எழுதினா, அது இன்னிக்கு நல்லா இருக்கு, நாளைக்கு என்ன ஆகும்னு கேப்பாங்க."

"சரி. எழுதினா என்ன ஆவும்?"

"எல்லாரையும் உறக்கப் பெட்டியில ஏத்தணும்."

தூங்கினால் போகிறது என்று நினைத்தேன். நாற்பத்தொரு பேர் தூங்கி வந்தவர்கள்தானே. அதைச் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவங்க எல்லாம் பெரியவங்க. பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. பத்து வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க… பத்துல ஒண்ணு முழிக்கிறதில்லை. அதனாலதான் அந்தக் காலத்துல ஏத்தவே இல்லை. இப்பவும் அதுக்கு வழி கண்டுபிடிக்கல. சாப்பாடு இல்லாத எடத்துல விட்டுட்டு வர்றதைவிட இது மேல்னு விதி எழுதி வெச்சிருக்காங்க."

பத்து வயதுக்குக் கீழே எங்களிடம் இருபது பிள்ளைகள். கணக்குக்கு அவ்வளவு படிப்புத் தேவையில்லை. தெக்லாவுக்கு மூன்று வயது.

நான் அவளைத் திட்டினேன். அவள் பெட்டியைத் திட்டினேன். ஏரியில் தூக்கிப் போடுவேன் என்றேன். அவள் கண்ணும் நிறைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு திட்டவும் முடியவில்லை. வீட்டைப் பார்த்து ஓடினேன்.

அக்கா வீட்டில்தான் இருந்தாள். அவள் மடியில் உட்கார்ந்திருந்த தெக்லா நச்சரித்துக்கொண்டிருந்தது.

"பெரீம்மா, ஆடை தா."

"இல்ல மக்கா. தீந்து போச்சு."

நான் தெக்லாவை அவள் மடியிலிருந்து பிடுங்கி என் மார்போடு இறுக்கினேன். பிறகு எல்லாவற்றையும் கொட்டினேன். ஒன்பதாவது கல், பெட்டி, விதி, பத்தில் ஒன்று, எல்லாம். அக்கா முதலில் தலையாட்டிக்கொண்டே கேட்டாள், எதிர்பார்த்ததைக் கேட்பவள் போல. பத்தில் ஒன்று என்று சொன்னபோது தலையாட்டல் நின்றது.

"திருப்பிச் சொல்லு."

"பத்துப் பிள்ளையில ஒண்ணு முழிக்காதாம்."

"அத யாரும் எங்கிட்ட சொல்லல." என் மார்பில் இருந்த தெக்லாவைப் பார்த்தாள். "யாரும் சொல்லலியே பிள்ள."

அவள் எழுந்து மூலையில் இருந்த தன் பெட்டியைத் திறந்தாள். பூமியிலிருந்து கொண்டுவந்த தகரப்பெட்டி அது. அப்போதுதான் கவனித்தேன், பெட்டி நிரம்பியிருந்தது. அவளுடைய துணிகள், அம்மாவின் ஜெபமாலை, செய்யது வற்றல் ஒரு பை. பயணத்துக்குக் கட்டி வைத்திருந்த பெட்டி. துணிகளை எடுத்து வெளியே போட்டாள். அடியில், அம்மாவின் சேலைக்குள், ஒரு சின்னப் பரணி. வாயைத் துணியால் வேடு கட்டியிருந்தது. அவிழ்த்துக் காட்டினாள். விரல் கனத்துக்கு இளஞ்சிவப்பு ஆடை.

"இத அந்த ஆபிசர் பிள்ளகிட்ட கொண்டு குடு. பெட்டியில வெச்சுப் பாக்கச் சொல்லு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நீ பொறக்க முந்தி மூணு பிள்ள பொறந்துச்சு" என்றாள் அக்கா. "மூணுக்கும் இடுப்பு நிமிரல. நல்லாத்தான் தின்னுதுவ, ஆனா நிக்கல. ஒரு வருசத்துக்குள்ள மூணும் போயிருச்சு. நீயும் அப்பிடித்தான் துவண்டு கெடந்த. அம்மா ஊருலேந்து நார்த்தங்கா ஊறுகா கொண்டாந்திருந்தா, கம்பெனிக்காரனுக்குத் தெரியாம. அந்தத் தண்ணியத்தான் மொதப் பரணியில ஊத்தியிருந்தா. அதுல ஆடை கட்டுச்சு. நீ அழுதழுது அதையே நக்குன. ரெண்டு மாசத்துல எந்திரிச்சு நின்ன. அதுக்கப்புறம் ஒரு பிள்ளையும் துவளல. ஏன் எதுக்குன்னு அம்மாவுக்குத் தெரியாது. ஆடைதான்னு மட்டும் தெரியும். சாகும்போது எங்கிட்ட மட்டும் சொன்னா."

"அப்போ… பரணியக் கழுவுனது?"

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதான் கழுவுனேன். கப்பல் எறங்குன அன்னிக்கே அந்தப் பிள்ள சொல்லுச்சு, சாப்பாடு தேறலைன்னா எல்லாரையும் ஊருக்குக் கூட்டிட்டுப் போவோம்னு. ஒரு தடவ கடலப் பாத்துரலாம்னு நெனச்சேன். எல்லாரும் சேந்துதான போவோம், ஒருத்தரும் கொறையப் போறதில்லைன்னு நெனச்சேன். தூங்கி முழிச்சா ஊருதானே."

அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. இப்போதும் அந்த ஆத்திரம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, மறைப்பானேன். இருபத்துநாலு வருடம் அலையே இல்லாத தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்பதும் எனக்குத் தெரியும். என்னை நிற்க வைத்த பரணிகளைக் காத்தவளும் அவள்தான். நான் பரணியை வாங்கிக்கொண்டேன். தெக்லா இரண்டு கையையும் நீட்டி அதற்காகக் கதறியது. கண்முன்னே ஆடை இருந்தும் அக்கா கொடுக்கவில்லை. "கொஞ்சம் பொறு மக்கா, ஒனக்குத்தான் கொண்டு போறா" என்றாள்.

தமயந்தி ஒரு துளி ஆடையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டி வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. பிறகு அவள் திரையைப் பார்த்தாள். துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். இன்னொரு துளி வைத்தாள். மூன்றாவது துளியும் வைத்தாள். அதற்கு மேல் வைக்க விட்டிருந்தால் பரணியே காலியாகியிருக்கும்.

"ஒன்பதும் இருக்கு" என்றாள். "அந்த ஒன்பதாவதுதான் இதுல நெறையவே இருக்கு. பிரகாசி, இது பூமியோட நுண்ணுயிர். யாரோ கையோட கொண்டுவந்திருக்காங்க. உங்க ஏரி உப்புல கெடந்து பழகிப் பழகி வேற ஒண்ணாவே மாறிப்போச்சு. உங்க கீரையத் தின்னுட்டு, கீரையில இல்லாததைச் செஞ்சு தருது. பெரியவங்களுக்கு இதுல ஊறின கீரையே போதுமா இருந்திருக்கு. இதை ஏன் மொதல்லயே காட்டல?"

அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"விருந்தாளி வாறாவன்னு வழிச்சுக் கழுவிட்டோம். அழுக்குன்னு நெனச்சிருவியளோன்னு வெக்கம்" என்றேன். "அக்காகிட்ட ஒரு பரணி தப்பிக் கெடந்துது."

அவள் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "என் வாழ்க்கையில முதல் தடவையா ஒரு ஊரைச் சுத்தமா இருந்ததுக்காகக் காலி பண்ணப் பாத்தேன்" என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன். பெட்டியை ஏரியில் போடுவதாகச் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன்.

சின்னப் பரணியில் கொஞ்சம் விட்டுவைத்து, மீதி ஆடையை நாற்பத்தாறு பங்கு வைத்து நாற்பத்தாறு பரணிக்கும் விட்டோம். அக்கா ஒவ்வொரு பரணிக்கும் குனிந்து, வேடு கட்டி, எழுந்தாள். ஒன்பதாம் நாள் காலையில் முதல் பரணியில் நூல் போல ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. ஊர் கூடி அதை எட்டி எட்டிப் பார்த்தது. அன்றே தமயந்தி "உணவு போதும், குடியேற்றம் தொடரலாம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். மிக்கேல் மாமா மிக்கேலை ஒரு கை பார்த்தார். ஒரு நாள் விருந்து என்று ஆரம்பித்தது பன்னிரண்டு நாளும் நடந்தது.

பதினோராம் நாள் தமயந்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அக்காவும் நானும் உப்புக்கண்டத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

"கித்தேரியக்கா, இந்த ஆடையைப் பூமிக்குக் கொண்டுபோகணும். சாப்பாடு கெடைக்காத குடியேற்றம் இன்னும் எவ்வளவோ இருக்கு. இதை வளத்து அனுப்பினா அங்க இருக்கிற பிள்ளைங்களைப் பெட்டியில ஏத்த வேண்டாம். ஆனா எனக்கு இதை உயிரோட வெச்சிருக்கத் தெரியாது. எங்க ஊர்ல யாருக்குமே தெரியாது. உயிருள்ளதைக் கொண்டுபோனா அதை வளக்கத் தெரிஞ்ச ஆளும் கூட வரணும்னு விதி. ஒரு எடம் காலியா இருக்கு."

அக்கா கையிலிருந்த இறைச்சியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"கடல் இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு."

"சாளை?"

"இருக்கும்னு நெனைக்கிறேன். யாரும் பிடிக்கிறதில்லை. யாரும் எதையும் பிடிக்கிறதில்லை, பறிக்கிறதில்லை, ஊறப்போடறதில்லை. முப்பது வருஷமா எல்லாமே உறையில வர்ற பசைதான். நீங்க ஞாபகம் வெச்சிருக்கிற ஊரு அங்க இல்லைக்கா. பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை."

அக்கா இறைச்சியை மறுபடி எடுத்துத் திருப்பிப் போட்டாள். அவள் போகமாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. போகாமல் இருக்கட்டும் என்றும் ஆசைப்பட்டேன். கோபம் இருந்தால் என்ன, அவள் இல்லாத கொட்டகையை என்னால் நினைக்க முடியவில்லை.

"கடல ஒட்டியிருந்துக்கிட்டுப் பசையத் தின்னுதாவளா?" என்றாள் கடைசியில். "அப்போ நான் கண்டிப்பாப் போவணும். எத்தன பேரு இருப்பாவ அங்க?"

"கோடிக்கணக்குல."

"பரணி பத்தாதே" என்றாள் அக்கா, கவலையோடு. தமயந்தி சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை, மனதுக்குள் களிமண் பிசைந்துகொண்டிருந்தாள். ஆறு நாளாக இருண்டு கிடந்த அந்த முகத்தில் அப்போதுதான் வெளிச்சம் வந்தது. அதைப் பார்த்ததும் என் கோபத்தில் பெரும் பகுதி கரைந்துபோனது.

அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம் என்னைக் கொட்டகையில் நிற்க வைத்து வதைத்தாள். எந்தப் பரணிக்கு எவ்வளவு உப்பு, எதை வெயிலில் வைக்கக்கூடாது, மிக்கேல் மாமாவை எந்தப் பக்கம் வரவிடக்கூடாது என்று சொல்லிக்கொண்டே போனாள். அவள் சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் தலையாட்டினேன். முடித்துவிட்டு, "ஊர்ல சொல்லிட்டியா?" என்று தரையைப் பார்த்துக் கேட்டாள்.

"எதை?"

"பரணிய."

"விருந்தாளி வந்தாவ, கழுவுன. இதுல சொல்ல என்ன இருக்கு?" என்றேன். அக்கா என் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். அவள் உடம்பில் உப்பும் லூர்தும் மணத்தன. இரண்டு பேரும் நன்றாக அழுதோம். அவள் பதினொரு வருடம் தூங்கி எழுந்து நான் அனுப்பும் செய்தியைக் கேட்கும்போது எனக்கு முப்பத்து மூன்று வயது ஆகியிருக்கும். அவளுக்கு அப்போதும் முப்பத்தேழுதான். நாலே வயதுதான் வித்தியாசம் இருக்கும், இனிமேல் என்னை அதட்ட முடியாது என்று சொன்னேன். அழுகைக்கு நடுவிலும் அகப்பையால் ஒன்று வைத்தாள்.

பன்னிரண்டாம் நாள் ஊர் மொத்தமும் கப்பலடியில் நின்றது. தமயந்தியின் கையில் நாலு பை உப்புக்கண்டம். அனுமதி இல்லை என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டாள். தெக்லா பெரியம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அக்கா அதன் வாயில் கடைசியாக ஒரு விரல் ஆடையைத் தடவினாள். பிள்ளை சப்புக் கொட்டியதும் காலை விடுவித்துக்கொண்டாள்.

ஏணியில் ஏறும்போது கப்பல்காரர்களில் இளையவன் அவள் இடுப்பில் இருந்த சின்னப் பரணிக்குக் கை நீட்டினான். விதிப்படி, உள்ளே ஏற்றும் எதையும் வெளியிலும் வாயிலும் சுத்தமாகக் கழுவித்தான் ஏற்ற வேண்டுமாம்.

அக்கா பரணியை மறுபக்கத்து இடுப்புக்கு மாற்றினாள்.

"தம்பி, இதக் கழுவுனா கைய ஒடிச்சிருவேன்."

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. மிக்கேல் மாமாவுக்குப் புரையேறிவிட்டது. தமயந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே ஏத்துங்க" என்றாள். அந்தச் சிரிப்புக்கு நடுவே அக்கா திரும்பி என் ஒருத்தியை மட்டும் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் பரணியைக் கட்டிப்பிடித்தபடி உள்ளே போனாள்.